திரித்துவத்தைக் கணக்குப் பாடமாக நடத்தாதீர்கள்

திடப்படுத்தல் வகுப்பைக் குருவானவர் இந்த ஆண்டு உங்களிடம் விட்டிருக்கிறார். பத்துக் கட்டளையை எப்படியும் நடத்திவிடுவோம், பரமண்டல ஜெபத்தையும் சமாளித்துவிடுவோம், திரித்துவம் என்றால்தான் உதறுகிறது என்று ஆராதனை முடிந்து வாசலில் நின்று சொன்னீர்கள். உதறுவது நல்லதுதான். உதறாமல் நடத்துகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும் என்று எழுதித் தருகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டுமென்பதில்லை. எண் போட்டது நீங்கள் தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. கரும்பலகையில் 1+1+1 என்று எழுதாதீர்கள்.

நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான் தொடங்குவார்கள். எழுதிவிட்டு, "கூட்டினால் மூன்று, பெருக்கினால் ஒன்று" என்று ஒரு சாமர்த்தியம் காட்டுவார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். கடவுளைப் பற்றி ஒரு விடுகதை இருக்கிறது, அண்ணாவுக்கு விடை தெரிந்திருக்கிறது என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவார்கள். வேறொன்றும் தங்காது.

முதல் வகுப்புக்கு ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லுங்கள். திடப்படுத்தலுக்கு எப்படியும் அதன் நகலைக் கேட்கத்தான் போகிறோம். பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து, மடித்த இடமெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டி வந்து சேரும். ஒவ்வொருவரும் தன்னுடையதை உரக்கப் படிக்கட்டும்: பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, ஞானப்பெற்றோர், கொடுத்த குருவானவரின் கையெழுத்து. தன் ஞானத்தகப்பன் யாரென்றே தெரியாத பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும்; அன்றைக்குத் தெரிந்துகொள்ளும். அப்புறம் கேளுங்கள்: "அந்தத் தேதியில் உனக்கு எண்ணத் தெரியுமா?" எங்கே தெரியும், பால்குடி. ஒன்று, இரண்டு சொல்ல வராத வயதில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே அதன் தலையில் தண்ணீர் விழுந்துவிட்டது. நாமம் முதலில் வந்தது, புரிதல் பின்னால் நடந்து வருகிறது. லுத்தரன் வீட்டில் திரித்துவப் பாடம் தொடங்குகிற இடம் அதுதான்.

2. அவசர ஞானஸ்நானத்தைப் பற்றி மறக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில், குருவானவர் வரமுடியாத இடத்தில், எந்தக் கிறிஸ்தவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது நம் சபையின் போதனை. பிறகு சபைக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நம் சபையிலேயே நடந்திருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. குருவானவர் வெளியூரில். இரவுப் பணியில் இருந்த நர்ஸ் கிறிஸ்தவர். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு ஸ்பூனில் எடுத்து, பெட்டியின் பக்கத்துத் துளை வழியாகக் கையை விட்டு, விரலை நனைத்து நனைத்து நெற்றியில் மூன்று முறை விட்டார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயர். பாட்டில்லை, பிரசங்கமில்லை, அங்கி இல்லை. தகப்பன் கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். இப்படி எல்லாவற்றையும் உதறிவிட்டால் கிறிஸ்தவ விசுவாசத்தில் மிஞ்சுவது தண்ணீரும் அந்த நாமமும். அதற்கு மேல் சுருக்க முடியாது. மூன்று பெயரில் ஒன்றைக்கூட விட்டுவிட முடியாது.

அந்தப் பிள்ளை இந்த ஆண்டு உங்கள் வகுப்பில்தான் உட்காரப்போகிறது. யாரென்று சொல்லமாட்டேன்.

3. பாடத்தின் நடுவில் விசுவாசப் பிரமாணத்தை வையுங்கள்; அதை மூன்றாகவே பிரித்து நடத்துங்கள்.

லுத்தருக்கு முன்னால் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைப் பன்னிரண்டு துண்டாக்கி, ஒவ்வொரு அப்போஸ்தலரும் ஒரு துண்டைச் சொன்னதாகக் கற்பித்துவந்தார்கள். லுத்தர் அதை எடுத்து மூன்றாக்கினார்: சிருஷ்டிப்பு, மீட்பு, பரிசுத்தமாக்குதல். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஆசிரியருக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்தது போலத் தோன்றும். ஆனால் அந்த ஒரு பிரிப்பிலேயே திரித்துவம் சாதாரண ஜனங்களின் கைக்கு வந்துவிட்டது.

இது எப்போது நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1528-ன் கடைசியில் லுத்தர் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போனார். கிராமத்து ஜனங்களுக்குப் பரமண்டல ஜெபம் தெரியவில்லை, விசுவாசப் பிரமாணம் தெரியவில்லை. பல குருமாருக்கே சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. திரும்பி வந்த கையோடு 1529-ல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். முதலில் அது புத்தகமாகக்கூட வரவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டுகிற அட்டைகளாக அச்சாகி வந்தது. குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு என்று ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் போட்டார். வேதசாஸ்திரப் பண்டிதர்களுக்கு எழுதவில்லை. சீகன்பால்கு ஐயர் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பிறகு தமிழுக்குக் கொண்டுவந்த முதல் சில நூல்களில் இதுவும் ஒன்று. நம் பாட்டிமார் எழுதப் படிக்கத் தெரியாமலே இதை மனப்பாடமாகச் சொன்னார்கள் என்றால், அது அவர்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதப்பட்டதால்தான்.

இப்போது அந்த மூன்று விளக்கங்களையும் மெதுவாகப் படியுங்கள். முதல் விளக்கத்தில் வானமும் பூமியும் எப்படி உண்டாயின என்று லுத்தர் ஆராயவில்லை. கண், காது, கை கால், புத்தி, உடுப்பு, செருப்பு, சாப்பாடு, வீடு, நிலம், ஆடுமாடு என்று பலசரக்குச் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டே போகிறார். செருப்பை நான் எப்போதும் நிறுத்திச் சொல்வேன். பிள்ளைகள் வகுப்பறை வாசலில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியலைக் காட்டி, "இதுவும் முதல் பிரமாணத்தில் வருகிறது" என்பேன். இரண்டாம் விளக்கத்தில் என்னை விலைகொடுத்து வாங்கினவர் வருகிறார். கொடுத்த விலை பொன்னோ வெள்ளியோ இல்லை, தம்முடைய இரத்தம். மூன்றாவது, என்னைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்திலேயே துணிச்சலான பகுதி. நான் விசுவாசிக்கிறேன் என்று வாயால் சொல்கிற பகுதிக்கு விளக்கமாக, என் சொந்தப் புத்தியாலோ பலத்தாலோ என்னால் விசுவாசிக்கவே முடியாது, ஆவியானவர்தான் அழைத்தார் என்று எழுதிவைத்தார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே திசை தெரியும். மூன்றிலும் தருகிறவர் தேவன், வாங்குகிறவன் நான். பிதா தம்மையும் தம்முடைய சிருஷ்டி முழுவதையும் தந்தார். அந்தக் கொடை பாவத்தால் நமக்குப் பயனில்லாமல் மறைந்துபோனபோது குமாரன் தம்மைத் தந்தார். அதுவும் நமக்குத் தெரியாமலே கிடந்துவிடக்கூடாது என்று ஆவியானவர் தம்மைத் தந்தார். கிறிஸ்துவின் இராப்போஜனத்தைக் குறித்து 1528-ல் எழுதிய பெரிய நூலின் கடைசியில் லுத்தர் தன் விசுவாசத்தை இந்த ஓட்டத்தில்தான் அறிக்கையிட்டிருக்கிறார். திரித்துவம் என்றால் என்ன என்று உங்களை யாராவது கேட்டால் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்: தேவன் தம்மிடமிருந்து ஏதோ ஒன்றைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை, தம்மையே முழுதாக, மூன்று விதமாகத் தந்தார். "எப்படி மூவர் ஒருவர்?" என்பது இரண்டாவது கேள்வி. "எனக்கு என்ன கிடைத்தது, யாரிடமிருந்து?" என்பதே முதல் கேள்வி. வரிசையை மாற்றினால் வகுப்பு தூங்கிவிடும்.

4. உவமைகளைக் குறையுங்கள். முடிந்தால் விட்டேவிடுங்கள்.

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி: யூடியூபில் தேடினால் முதலில் வருவது இதுதான். ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் மூன்றாக இருப்பதில்லை. தேவன் ஒருவரே, சில சமயம் பிதா வேஷம், சில சமயம் குமாரன் வேஷம் என்று ஆகிவிடும். ஒருவரே வீட்டில் அப்பா, தன் அப்பாவுக்கு மகன், ஆபீசில் மேனேஜர் என்பதும் அதே கோளாறுதான். சபேலியு என்பவர் பெயரால் இதைச் சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. முட்டையின் ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்றால் மூன்று துண்டு சேர்ந்து ஒரு தேவன் என்று வரும். ஓடு மட்டும் முட்டையாகுமா? சூரியன், ஒளி, வெப்பம் கொஞ்சம் மேல். ஆதிச் சபைப் பிதாக்களே ஒளியைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வெப்பத்தை நோக்கி யாரும் ஜெபிப்பதில்லை.

உவமைக்குப் பதில் யோர்தானைக் கொடுங்கள். மத்தேயு 3-ம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள். குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதா பேசுகிறார், ஒரே நேரத்தில். பிள்ளைகள் படித்து முடித்ததும், "பேசியது யார்? யாரிடம்? இறங்கியது யார்மேல்?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவரே மூன்று வேஷம் போட்டார் என்கிற கதை அங்கே நிற்காது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் விளக்கத் தேவையில்லை.

5. "நம்ம மும்மூர்த்தி மாதிரிதானே?" என்று பக்கத்து வீட்டு நண்பன் கேட்பான்.

அன்போடு கேட்கிற கேள்வி. அன்போடு பதில் சொல்லப் பழக்குங்கள். அவன் சமயத்தைத் தாழ்த்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரிந்திருப்பது ஒரு முறை. நாம் சொல்வது அதுவன்று. பிதா சிருஷ்டிகர் என்று முதல் பிரமாணத்தில் சொல்லும்போதே, சகலமும் குமாரனைக்கொண்டு உண்டானதாக யோவான் முதல் அதிகாரம் சொல்கிறது. ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்திலேயே ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடுகிறார். மீட்பிலும் அப்படியே: அனுப்பினவர் பிதா, வந்தவர் குமாரன், மரியாளிடத்தில் அவர் கருவானது ஆவியினால். மூவரும் சேராத தேவகிரியை ஒன்றும் இல்லை. லுத்தர் மூன்று தலைப்புப் போட்டது நாம் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும் என்பதற்காக.

கூடப் படிக்கும் இஸ்லாமிய நண்பர் கேட்கும் கேள்வி வேறு: "நீங்கள் மூன்று கடவுளையா கும்பிடுகிறீர்கள்?" இல்லை என்பதை முதலில், தயங்காமல் சொல்லட்டும். உபாகமம் 6:4 நம்முடைய வேதத்திலும் இருக்கிறது. கர்த்தர் ஒருவரே என்பதை நாம் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இயேசுவை அந்த ஒரே கர்த்தர் என்று தொழுவதில்தான் நாமும் அந்த நண்பரும் பிரிகிறோம். எங்கே பிரிகிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நண்பராக இருக்கலாம். மழுப்பினால்தான் மனக்கசப்பு.

6. ஜெபிக்கச் சொல்லிக் கவனியுங்கள்.

நம் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற ஒன்று: "அன்புள்ள பரலோகப் பிதாவே" என்று தொடங்கி, உருகி உருகிப் போய், "நீர் எங்களுக்காகச் சிலுவையிலே மரித்தீரே" என்று முடிப்பது. மரித்தவர் பிதா அல்ல. பிதாவே பாடுபட்டார் என்றவர்களை ஆதிச் சபை திருத்த வேண்டியிருந்தது. தெர்த்துல்லியன் ஒரு நூலே எழுதினார். அதற்காக ஜெபிக்கிற பாட்டியை நடுவில் நிறுத்திவிடாதீர்கள்! அவர் ஜெபம் போய்ச் சேருகிற இடத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் பிள்ளைகளுக்குப் பாதை தெரியவேண்டும்: பிதாவை நோக்கி, குமாரன் வழியாக, ஆவியானவருக்குள். ஆராதனைப் புத்தகத்தில் ஞாயிறுதோறும் வருகிற சுருக்க ஜெபத்தின் முடிவைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பாதை அப்படியே இருக்கும். இயேசுவை நேராக அழைத்து ஜெபிப்பதும் சரி, ஆவியானவரே வாரும் என்பதும் சரி. யாரிடம் பேசுகிறோம் என்பதை நடுவில் மறந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

வார்த்தை வராமல் தவிக்கிற பிள்ளைக்கு ரோமர் 8:26-ஐக் காட்டுங்கள். நம் உள்ளேயிருந்து ஆவியானவர் வேண்டுகிறார், குமாரன் பிதாவின் வலதுபாரிசத்தில் நமக்காகப் பரிந்து பேசுகிறார், பிதா கேட்கிறார். ஜெபம் ஏற்கெனவே அங்கே நடந்துகொண்டிருக்கிறது; நாம் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். பரீட்சைக்கு முந்தின இரவு இது எவ்வளவு ஆறுதல் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே விளங்கும்.

காலையில் எழுந்ததும், இரவில் படுக்குமுன்னும் சிலுவை அடையாளம் போட்டு மூவொரு நாமத்தைச் சொல்லச் சொன்னவர் லுத்தர். சிறிய ஞானோபதேசத்திலேயே இருக்கிறது. "அது ஆர்.சி. பழக்கமாச்சே" என்று சபையில் யாராவது முகம் சுளித்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

7. ஆவியானவரைக் கரண்ட் மாதிரிப் பேசாதீர்கள். "பவர் இறங்கிற்று" என்கிற பேச்சு நம் பிள்ளைகளிடமும் தொற்றியிருக்கிறது. அவர் துக்கப்படுகிறார், போதிக்கிறார், அழைக்கிறார், சக்தி துக்கப்படாது. எபேசியர் 4:30 போதும்.

8. ஒரு வசனத்தின் மேல் வீட்டைக் கட்டாதீர்கள்.

1 யோவான் 5:7-ஐ நம் வேதாகமத்தில் படித்தால் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரைப் பற்றி அழகாக இருக்கும். இதைவிடத் தெளிவான வசனம் வேண்டுமா என்று தோன்றும். அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. எராஸ்மு என்ற அறிஞர் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் முதல் இரண்டு பதிப்புகளிலும் அதைச் சேர்க்கவில்லை. லுத்தரும் தம் வாழ்நாளில் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்க்கவில்லை. திரித்துவத்தை உயிராக நம்பிய மனிதர், தனக்குச் சாதகமான வசனத்தை வேண்டாமென்று வைத்தார். எனக்கு லுத்தரிடம் பிடித்த காரியங்களில் இது ஒன்று. இதை நீங்கள் தெரிந்துவைக்காவிட்டால் உங்கள் வகுப்புப் பிள்ளை கல்லூரிக்குப் போய் இன்னொருவர் வாயால் கேட்டு, மற்றதும் இப்படித்தானோ என்று நினைத்துவிடும்.

மனப்பாடத்துக்கு மத்தேயு 28:19-ம் 2 கொரிந்தியர் 13:14-ம் கொடுங்கள். இரண்டாவதைக் கூட்டம் முடியும்போதெல்லாம் கிருபை கூறுதலாகச் சொல்கிறோம். வசனமென்றே பலருக்குத் தெரியாது. அதன் வரிசையைப் பாருங்கள்: முதலில் கிறிஸ்துவின் கிருபை, பிறகு தேவனுடைய அன்பு, அப்புறம் ஆவியின் ஐக்கியம். பிதாவிடமிருந்து தொடங்கவில்லை. நாம் தெரிந்துகொண்ட வரிசை அதுதான்: இயேசுவைப் பார்த்தபிறகே பிதாவின் மனசு தெரிந்தது. லுத்தரும் பெரிய ஞானோபதேசத்தில் அதையே சொல்கிறார். கிறிஸ்து இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருப்பது கோபக்காரரான ஒரு நியாயாதிபதி மட்டுமே.

9. நிசேயாவைக் கதையாகச் சொல்லுங்கள்.

அலெக்சாந்திரியாவில் ஆரியு என்று ஒரு மூப்பர் இருந்தார். நல்ல பிரசங்கி, கெட்டவர் என்று சித்தரிக்காதீர்கள். குமாரன் மிக உயர்ந்தவர்தான், ஆனால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். கேட்டால் நியாயம்போலத்தான் இருக்கும். அப்பா முதலில், மகன் பிறகு. 325-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் அத்தியட்சர்களைக் கூட்டினார்; குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல என்று அவர்கள் தீர்த்தார்கள். அப்போது வெறும் உதவிக்காரராக வந்திருந்த அத்தனாசியு பிறகு அலெக்சாந்திரியாவின் அத்தியட்சராகி, இந்தத் தீர்ப்பைப் பிடித்துநின்று, ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். பேரரசர்கள் மாறினார்கள், சபைகளும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்ந்தன. 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில்தான் ஒரு முடிவுக்கு வந்தது; நாம் நற்கருணை ஆராதனையில் சொல்கிற நிசேயா விசுவாசப் பிரமாணம் அந்த மன்றத்தோடு சேர்ந்த வடிவம்.

பிள்ளைகள் கேட்பார்கள்: "இதுக்குப்போய் இவ்வளவு சண்டையா?" அங்கே மறுபடி ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வாருங்கள். குமாரன் ஒரு சிருஷ்டி என்றால், நீ சிருஷ்டிகர் பெயரிலும் ஒரு சிருஷ்டியின் பெயரிலும் சேர்த்து ஞானஸ்நானம் பெற்றாய். உன் பாவத்தை மன்னித்தேன் என்று சொன்னவர் அப்படிச் சொல்ல உரிமையுள்ளவரா என்ற கேள்வி வரும். சிலுவையில் தொங்கியது தேவன் அனுப்பிய ஒரு வேலைக்காரர் என்றால், தேவன் நமக்காக எதையும் தம்முடையதிலிருந்து கொடுக்கவில்லை என்றாகும். அத்தனாசியு விட்டுக்கொடுக்காதது இதற்காக. 1530 ஜூன் 25 அன்று ஐந்தாம் சார்லஸ் பேரரசர் முன் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கையின் முதல் பிரிவே இந்த நிசேயாத் தீர்ப்பை ஏற்கிறோம் என்பதுதான். போப்பாண்டவரோடு அத்தனை விவாதம் இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் சண்டையே இல்லை.

10. வீட்டு வாசலுக்கு வருகிறவர்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

யெகோவா சாட்சிகள் மரியாதையாக வருவார்கள், வண்ணப் புத்தகம் கொடுப்பார்கள். அவர்கள் சொல்வது ஆரியுவின் வாதத்துக்கு நெருங்கிய உறவு. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசலாம். யோவான் 1-ம் அதிகாரத்தையும், உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோமா என்னவென்று அழைத்தார் என்பதையும் (யோவான் 20) பிள்ளை தெரிந்துவைத்திருந்தால் போதும்.

அதைவிடப் பெரிய தொந்தரவு உள்ளேயிருந்து வரும். "இயேசுவின் நாமத்தில் மட்டும் எடுத்தால்தான் ஞானஸ்நானம், உனக்குக் கொடுத்தது செல்லாது, வா, ஆற்றில் இறங்கு" என்று கூட்டிப்போகிற நண்பர்கள் உண்டு. அப்போஸ்தலர் 2:38-ஐக் காட்டுவார்கள். பேதுரு அங்கே யோவான் கொடுத்த ஞானஸ்நானத்தையும் மற்றவர்கள் கொடுத்ததையும் விட்டு, இயேசுவினுடையதற்கு வாருங்கள் என்கிறார்; அதை எந்த நாமத்தில் கொடுக்கவேண்டும் என்று இயேசுவே சொன்னது மத்தேயு 28-ல் இருக்கிறது. ஆனால் வாதத்தில் ஜெயிப்பதைவிட முக்கியம் ஒன்று உண்டு. திரும்ப எடுக்கத் துடிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் கோட்பாட்டுச் சந்தேகம் இருக்காது; முதல் தடவை நான் ஒன்றும் உணரவில்லையே என்ற குறைதான் இருக்கும். உணர்ந்தது யார் என்று பார்க்காதே, வாக்குக் கொடுத்தது யார் என்று பார் என்று சொல்லுங்கள். போய்த் திரும்ப எடுத்துவிட்டு வந்தாலும் வகுப்பிலிருந்து விரட்டாதீர்கள்.

11. நம்பமுடியவில்லை என்கிற பிள்ளையை அடக்காதீர்கள்.

ஒவ்வொரு ஆண்டும் ஒன்று இருக்கும். கையைத் தூக்கி, "இது மனுஷங்க பிறகு உண்டாக்கினதுதானே, சார்?" என்னும். நமக்கு இதில் வெட்கப்படவேண்டிய வரலாறு உண்டு. மிகேல் செர்வெத்து என்ற ஸ்பானிய மருத்துவர் 1531-ல் திரித்துவத்தை மறுத்து எழுதினார். 1553-ல் ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். செய்தது கால்வினின் நகரம். அது சரியென்று எழுதி அனுப்பியவர் நம்முடைய மெலான்க்தோன், ஆக்ஸ்பர்க் அறிக்கையை எழுதிய அதே கை. தம்மையே கொடுத்த தேவனைப் பற்றிய கோட்பாட்டைக் காப்பாற்ற ஒரு மனிதனை எரித்தது எந்தக் கணக்கிலும் சேராது.

அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். திரித்துவம் என்ற வார்த்தை வேதத்தில் இல்லை. கோட்பாட்டின் சொற்கள் பிறகுதான் வந்தன. ஆனால் இயேசுவைத் தொழுதவர்களும் அவர் நாமத்தில் ஆவியைப் பெற்றவர்களும் ஒரே தேவன் என்று ஜெபித்துவந்த யூதர்கள். அவர்களுக்கு நடந்ததைச் சொல்லத்தான் பின்னால் வந்தவர்கள் வார்த்தை தேடினார்கள். இதற்கு மேலும் அது ஒத்துக்கொள்ளாவிட்டால் விடுங்கள். மூன்றாம் பிரமாணத்தின் விளக்கத்தை அதற்காகவே லுத்தர் எழுதிவைத்திருக்கிறார்: அழைக்கிறவர் நாம் அல்ல.

12. திரித்துவ ஞாயிறு அன்று அத்தனாசியுவின் விசுவாசப் பிரமாணம்.

பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு. மேற்குச் சபை முழுவதற்கும் 1334-ல் 22-ம் யோவான் என்ற போப்பு இந்த நாளைக் குறித்தார். லுத்தரன் சபைகளின் 1580-ன் ஒருமைப்பாட்டு நூலில் முதலில் வைத்திருக்கும் மூன்று விசுவாசப் பிரமாணங்களில் கடைசியானதும் நீளமானதும் அத்தனாசியுவின் பிரமாணம். அத்தனாசியு எழுதவில்லை, அவருக்கு வெகுகாலம் பின்னால் லத்தீனில் எழுதப்பட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வாசிக்கும்போது சபையில் விசிறி வேகம் கூடும், சின்னப் பிள்ளைகள் வெளியே ஓடிவிடும். அதை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு வரி நீ, ஒரு வரி நான் என்று மாற்றி மாற்றி வாசிக்க வையுங்கள். அது வாய்விட்டுச் சொல்ல எழுதப்பட்டது, மனதுக்குள் படித்தால் சட்டப் புத்தகம்போல இருக்கும். பின்பகுதி தேவகுமாரன் மனுஷனானதைப் பற்றியது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். முதல் வரியில் இருக்கிற கடுமையான எச்சரிக்கையைப் பற்றிக் கேட்டால், கேட்கட்டும். குருவானவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து அவரிடமே கேட்கவிடுங்கள். அவருக்கும் நல்லது.

13. தேர்வு.

திடப்படுத்தலுக்கு முந்தின வாரம் மூப்பர்கள் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். "திரித்துவம் என்றால் என்ன?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அதற்கு ஒரு வரி விடையை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவையுங்கள்: ஒரே தேவன், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவர்; மூவரும் சம மகிமை உடையவர்கள். அது மூப்பர்களுக்கு. நீங்கள் கேட்கவேண்டிய கேள்வியை எழுத்துத் தேர்வில் வையுங்கள்: நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை உனக்குக் கிடைத்தவற்றில் மூன்றைச் சொல், ஒவ்வொன்றும் எந்தப் பிரமாணத்தில் வருகிறது? பொங்கல் சாப்பிட்டேன், தம்பியோடு சண்டை போட்டு மன்னிப்புக் கேட்டேன், அம்மா ஜெபிக்கக் கூப்பிட்டதும் போனேன் என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். விடைத்தாளைத் திருத்தி அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ்களையும் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள், போன ஆண்டுடையவை இரண்டு இன்னும் அலுவலக அலமாரியில் கிடக்கின்றன.